மீட்பின் கதை – 9: முடிந்த வழக்கைத் திறந்த போப்

கி.பி. 417, செப்டம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை. கார்த்தேஜ் நகரில், புனித சிப்ரியனின் தலை வெட்டப்பட்ட இடத்தில் எழுந்த ஆலயம். ஆயர் உட்கார்ந்து பேசுவதும் மக்கள் கால்கடுக்க நின்று கேட்பதும் ஆப்பிரிக்கத் திருச்சபையின் வழக்கம். அன்று உட்கார்ந்து பேசியவர் ஹிப்போவின் ஆயர் அகுஸ்தினார். வயது 62.

எடுத்துக்கொண்ட பகுதி, யோவான் நற்செய்தியின் ஆறாம் அதிகாரம். கடவுள் அருளாமல் எவரும் கிறிஸ்துவிடம் வந்துசேர முடியாது என்பதை விளக்கிக்கொண்டே வந்தவர், முடிக்கும் இடத்தில் ஊர் விவகாரத்துக்கு வந்தார். பெலாஜியஸ் என்ற துறவியின் போதனை பற்றி இரண்டு ஆயர் சங்கங்கள் ரோமுக்கு எழுதின. அங்கிருந்து பதிலும் வந்துவிட்டது. ஆக வழக்கு முடிந்தது, இனித் தவறான போதனையும் முடிந்தால் சரி என்றார். நின்றவர்கள் நிம்மதியாக வீடு திரும்பியிருப்பார்கள்.

சரியாக இரண்டு நாள் முன்பு, செப்டம்பர் 21 அன்று, ரோமில் ஒரு கடிதம் தயாராகியிருந்தது. எழுதியவர் புதிய போப் சோசிமுஸ். அனுப்பவேண்டிய முகவரி, ஆப்பிரிக்க ஆயர்கள். சாரம் இதுதான்: பெலாஜியஸ் குற்றமற்றவர். அவர்மீது பழி சுமத்தியவர்கள்தான் வெட்கப்பட வேண்டும்.

வழக்கு முடிந்தது என்று அகுஸ்தினார் அறிவித்த நேரத்தில், அதைத் திரும்பத் திறந்த கடிதம் கடலைத் தாண்டக் காத்திருந்தது.

*

விட்ட இடத்தைப் பிடிப்போம்.

பிரிட்டனிலிருந்து வந்து ரோமில் பல ஆண்டுகள் வாழ்ந்த துறவி பெலாஜியஸ். ஆள் நல்ல பருமன். பெத்லகேமில் இருந்த ஜெரோம் அதைக்கூட விடாமல் கேலி செய்தார். 410-இல் அலாரிக்கின் படை ரோமைச் சூறையாடியபோது அகதிகளோடு தெற்கே நகர்ந்து, ஆப்பிரிக்காவைத் தொட்டு, பாலஸ்தீனம் போய்ச் சேர்ந்தார். அவருடைய சீடர் செலஸ்தியஸ், வழக்கறிஞர் மூளை உள்ளவர். கார்த்தேஜில் வாய்திறந்து மாட்டிக்கொண்டு 411-ஐ ஒட்டி அங்கேயே கண்டிக்கப்பட்டார். 415 டிசம்பரில் பாலஸ்தீனத்து தியோஸ்போலிஸ் நகரில் கூடிய 14 ஆயர்கள் பெலாஜியஸை விசாரித்து விடுவித்தார்கள். ஆப்பிரிக்கா கொதித்தது. 416-இல் கார்த்தேஜிலும் மிலேவிஸிலும் சங்கம் கூட்டி, போப் முதலாம் இன்னசென்டுக்கு எழுதினார்கள். 417 ஜனவரி 27 அன்று இன்னசென்ட் ஆப்பிரிக்கர்கள் பக்கம் தீர்ப்பு எழுதினார். மார்ச் 12 அன்று இறந்துபோனார்.

மார்ச் 18 அன்று சோசிமுஸ் பதவியேற்றார்.

*

சண்டை எதைப் பற்றியது என்பதை ஒரு முறை நிதானமாகப் பார்த்துவிடுவது நல்லது. ஏனென்றால் இரு தரப்பும் ஒரே வேதாகமத்தைப் படித்தவர்கள். இரு தரப்பும் கிறிஸ்துவால்தான் மீட்பு என்றவர்கள். கடவுளின் அருளை மறுக்கிறேன் என்று பெலாஜியஸ் ஒருநாளும் சொன்னதில்லை.

அவருடைய கவலை நடைமுறை சார்ந்தது. பேரரசே கிறிஸ்தவமாகிவிட்ட காலம். பதவிக்காகவும் கல்யாணத்துக்காகவும் ஞானஸ்நானம் பெற்ற ரோமானியச் சீமான்கள் பழைய வாழ்க்கையையே வாழ்ந்தார்கள். கேட்டால், மனித இயல்பு பலவீனமானது, நாங்கள் என்ன செய்ய முடியும் என்றார்கள். இந்தச் சாக்கைத்தான் பெலாஜியஸ் வெறுத்தார். 413-இல் அனிசியர் குலத்துச் சிறுமி டெமெட்ரியாஸ் கல்யாணத்தை உதறிக் கன்னித் துறவு பூண்டபோது, அவளுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். செய்ய முடியாத ஒன்றைக் கடவுள் கட்டளையிட மாட்டார். கட்டளையிட்டிருக்கிறார் என்றால் உன்னால் முடியும் என்பதே அதன் அடிநாதம். படிப்பவரை நிமிர்ந்து உட்காரவைக்கும் கடிதம் அது.

அவர் மூன்றாகப் பிரித்தார்: முடிவது, விரும்புவது, செய்வது. முடிவது கடவுள் தந்தது. மற்ற இரண்டும் நம் கையில். கண்ணுக்குப் பார்வை கொடுத்தது கடவுள். நல்லதைப் பார்ப்பதா கெட்டதைப் பார்ப்பதா என்பது நம் பொறுப்பு என்று அவரே உதாரணமும் சொன்னார். அப்படியானால் அருள் என்பது என்ன? படைக்கும்போதே கொடுத்த சுதந்திரம், மோசேயின் சட்டம், கிறிஸ்துவின் போதனையும் முன்மாதிரியும், ஞானஸ்நானத்தில் கிடைக்கும் மன்னிப்பு. இவ்வளவும் அருள்தான் என்றார்.

அகுஸ்தினாருக்கு அந்தப் பட்டியல் போதவில்லை. நல்லது எது என்று தெரிந்தும் அதைச் செய்ய முடியாமல் ஆண்டுக்கணக்கில் தவித்தவர் அவர். 386-இல் மிலான் தோட்டத்தில் அவர் மனம் திரும்பியதை இந்தத் தொடரின் முந்தைய பகுதிகளில் பார்த்தோம். தெரிவது பிரச்சினை இல்லை, விரும்புவதுதான் பிரச்சினை என்பது அவர் சொந்த வாழ்க்கையில் கண்டது. ஆதாமுக்குப் பிறகு மனித விருப்பமே கட்டுண்டு கிடக்கிறது. கடவுள் உள்ளே வந்து அந்த விருப்பத்தை மாற்றினாலொழிய மனிதன் நல்லதை விரும்பக்கூட மாட்டான் என்றார். இன்னும் ஒரு படி மேலே போய், மீட்பைப் பெற்றுத்தரும் விசுவாசமும் மனிதனின் சொந்தச் சரக்கு இல்லை, அதுவும் கொடை என்றார். இளமையில் அவருக்கே இந்தக் கருத்து இருக்கவில்லை. 396-ஐ ஒட்டி, மிலானின் சிம்ப்ளிசியானுக்குப் பவுலின் ரோமர் நிருபத்தை விளக்கி எழுதும்போதுதான் அங்கே வந்துசேர்ந்தார். அப்போது பெலாஜியஸ் என்ற பெயர் அவர் காதில் விழுந்திருக்கவில்லை.

கட்டளையையும் அதை நிறைவேற்றும் வலுவையும் கடவுளிடமே ஒருசேரக் கேட்கும் அகுஸ்தினாரின் ஜெபம் ஒன்று அவரது சுயசரிதையில் உண்டு. ரோமில் ஓர் ஆயர் அதை எடுத்துச் சொன்னபோது பெலாஜியஸால் பொறுக்க முடியவில்லை; கிட்டத்தட்ட சண்டையே வந்துவிட்டது. இந்த வழக்கின் முதல் பொறி அங்கேதான் விழுந்தது.

*

சோசிமுஸ் ஏன் திரும்பினார்?

முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. அவருக்குக் காரணங்கள் இருந்தன. அவற்றில் ஒன்று மட்டும் அத்தனை அழகானது இல்லை.

பாலஸ்தீனத்தில் பெலாஜியஸ்மீது புகார் கொடுத்தவர்கள் ஹீரோஸ், லாசரஸ் என்ற இரண்டு கால்லிய ஆயர்கள். இருவரும் பதவி இழந்து நாடு விட்டு வந்தவர்கள். ஹீரோஸ் இழந்த ஆர்ல் நகரத்து ஆசனத்தில் இப்போது உட்கார்ந்திருந்தவர் பத்ரோக்ளஸ். இந்தப் பத்ரோக்ளஸ், சோசிமுஸுக்கு மிக வேண்டியவர். புதிய போப் பதவியேற்ற நான்காம் நாள், மார்ச் 22 அன்று, செய்த முதல் வேலைகளில் ஒன்று ஆர்ல் ஆயருக்கு கால்லியத்தின் மற்ற ஆயர்கள்மீது அசாதாரண அதிகாரம் கொடுத்தது. நண்பனின் எதிரி கொடுத்த புகாரை அவர் எந்தக் கண்ணோடு படித்திருப்பார் என்று ஊகிப்பது கடினமில்லை.

அந்த நேரம் பார்த்து செலஸ்தியஸ் ரோமுக்கு வந்தார். கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர், தயக்கமின்றிப் போப்பின் கதவைத் தட்டினார். எழுத்துமூலமான விசுவாச அறிக்கை கையில் இருந்தது.

விசாரணை நடந்த இடம் புனித கிளமென்ட் ஆலயம். கொலோசியத்துக்குப் பக்கத்தில் இன்றைக்கும் அதே பெயரில் ஆலயம் உண்டு. தெருமட்டத்தில் இருப்பது 12-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். படியிறங்கிக் கீழே போனால் செலஸ்தியஸ் நின்ற காலத்துத் தளம் வருகிறது.

செலஸ்தியஸின் அறிக்கை மூவொரு கடவுளில் தொடங்கி, மரித்தோர் உயிர்த்தெழுதல் வரைக்கும் பழுதில்லாமல் போனது. கடைசியில்தான் வில்லங்கமான இடம். குழந்தைகளுக்குப் பாவமன்னிப்புக்காக ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும், அது சபையின் வழக்கம் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அதை வைத்துப் பாவம் பிறப்போடு கடத்தப்படுகிறது என்று முடிவுகட்டக் கூடாது. பாவம் என்பது மனிதன் செய்வது, அவனோடு பிறப்பது இல்லை என்று எழுதியிருந்தார். கார்த்தேஜில் தன்மீது சுமத்தப்பட்ட கருத்துகளை வரிவரியாகக் கண்டிக்கச் சொன்னபோது நழுவினார். ரோம ஆசனம் எதைக் கண்டிக்கிறதோ அதை நானும் கண்டிக்கிறேன் என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னார்.

ஆப்பிரிக்கர் ஒருவர் அந்த அறையில் இருந்திருந்தால் அங்கேயே பிடித்திருப்பார். யாரும் இல்லை. பணிவாக நிற்கும் மனிதரைப் பார்த்த சோசிமுஸ், அவசரப்பட்டுத் தண்டித்துவிட்டீர்கள் என்று ஆப்பிரிக்காவுக்கு எழுதினார். குற்றம் நிரூபிப்பவர்கள் இரண்டு மாதத்துக்குள் வரவேண்டும் என்று கெடு வைத்தார்.

அடுத்து வந்தது பெலாஜியஸின் கடிதமும் விசுவாச அறிக்கையும். இன்னசென்டுக்கு எழுதியவை, வந்துசேர்வதற்குள் அவர் காலமாகிவிட்டார். ஜெருசலேமின் புதிய ஆயர் பிராய்லியுஸின் சிபாரிசும் கூடவே இருந்தது. ரோமில் சபைமுன் அவற்றை வாசித்தார்கள். இப்படிப்பட்ட மனிதரையா தூற்றினார்கள் என்று கேட்டவர்கள் கண்ணீரை அடக்க முடியாமல் இருந்ததாகப் போப்பே எழுதுகிறார். செப்டம்பர் 21 கடிதம் அந்த உணர்ச்சியிலிருந்து பிறந்தது. ஹீரோஸும் லாசரஸும் சபைநீக்கம் செய்யப்பட்டார்கள்.

*

கடிதம் கார்த்தேஜை எட்டியபோது அந்நகர ஆயர் ஆரேலியுஸுக்கும் அகுஸ்தினாருக்கும் ஏற்பட்ட சங்கடத்தைக் கொஞ்சம் கற்பனை செய்து பார்க்கலாம். ரோமின் தீர்ப்பைக் காட்டித்தான் வழக்கு முடிந்தது என்று மக்களிடம் சொன்னார்கள். இப்போது அதே ரோம் வேறு மாதிரி பேசுகிறது. ரோமை எதிர்த்தால் சொந்த வாதமே விழும். பணிந்தால் அருள் விழும்.

அவர்கள் கண்டுபிடித்த வழி சாமர்த்தியமானது. எதிர்க்கவும் இல்லை, பணியவும் இல்லை. போப் இன்னசென்டின் தீர்ப்பு நிலைத்து நிற்கட்டும் என்று பதில் எழுதினார்கள். போப்பைப் போப்பைக் கொண்டே மடக்கினார்கள். எதுவரைக்கும் நிற்கவேண்டும் என்பதற்கும் அளவு வைத்தார்கள்: நீதி எது என்று அறிவதற்கு மட்டும் இல்லாமல், அதைச் செய்வதற்கும், ஒவ்வொரு செயலிலும், கிறிஸ்து வழியாக வரும் அருள் துணைசெய்கிறது என்று பெலாஜியஸும் செலஸ்தியஸும் வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும்வரை.

இதில் ‘ஒவ்வொரு செயலிலும்’ என்பதுதான் பெலாஜியஸின் பட்டியலை உடைக்கும் இடம். படைத்தபோது ஒருமுறை கொடுத்துவிட்ட சுதந்திரத்தைக் காட்டி அவர் இனித் தப்பிக்க முடியாது. இந்தக் கணம், இந்தச் செயல், இதற்கு அருள் வேண்டுமா, வேண்டாமா?

செலஸ்தியஸின் முதல் வழக்கில் புகார்தாரராக இருந்த திருத்தொண்டர் பவுலினுஸை ரோமுக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. அவர் போகவில்லை. நவம்பர் 8 தேதியிட்ட பதிலில், வழக்கு இப்போது என் கையில் இல்லை, திருச்சபையின் கையில் இருக்கிறது என்கிற தொனியில் மரியாதையாகக் கழன்றுகொண்டார்.

குளிர்காலம் வந்தது. கடல் மூடிக்கொள்ளும் பருவம். கப்பல்கள் அதிகம் ஓடா. இரு தரப்புக்கும் யோசிக்க நேரம் கிடைத்தது.

418 மார்ச் 21 அன்று சோசிமுஸ் எழுதிய கடிதம் படிக்கச் சுவையானது. ரோம ஆசனத்தின் தீர்ப்பை எவரும் கேள்வி கேட்கத் துணிய முடியாது என்று நீட்டி முழக்கிவிட்டு, கடைசியில், நான் இன்னும் எதையும் மாற்றவில்லை, எல்லாம் இருந்தபடியே இருக்கிறது என்று முடிக்கிறார். பின்வாங்குபவர் கொடியை மட்டும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு போவது போன்ற கடிதம். ஏப்ரல் 29 அன்று அது கார்த்தேஜ் வந்தது.

*

அடுத்த நாற்பத்தெட்டு மணி நேரத்தில் விஷயம் போப்பின் கையைவிட்டுப் போய்விட்டது.

ரோம் நகரத்துக்குள்ளேயே கலகம் மூண்டிருந்தது. பெலாஜியஸுக்குப் பிரபுக்குல வீடுகளில் ஆதரவு உண்டு, எதிர்ப்பும் உண்டு. பேரரசின் முன்னாள் உயரதிகாரி கான்ஸ்டான்சியுஸ் பெலாஜியர்களை எதிர்த்து நின்று அவர்களிடம் படாத பாடு பட்டார். தெருச்சண்டை என்றால் அரசுக்கு இறையியல் புரியவேண்டிய அவசியமில்லை.

ஏப்ரல் 30: ராவென்னாவிலிருந்து பேரரசர் ஹொனோரியஸின் ஆணை. பெலாஜியஸும் செலஸ்தியஸும் ரோமிலிருந்து வெளியேற்றப்பட வேண்டும். அவர்கள் கருத்தைப் பரப்புகிறவர்களுக்கும் நாடுகடத்தல். பெலாஜியஸ் அப்போது ரோமிலேயே இல்லை, தொலைவில் பாலஸ்தீனத்தில் இருந்தார் என்பது ஆணை எழுதியவர்களுக்கு முக்கியமாகப் படவில்லை.

மே 1: கார்த்தேஜில் 200-க்கும் மேற்பட்ட ஆயர்கள் கூடினார்கள். எட்டு விதிகள், சில பிரதிகளில் ஒன்பது. பச்சைக் குழந்தைக்கும் பாவமன்னிப்புக்காகவே ஞானஸ்நானம் என்றது ஒன்று. அருள் பழைய பாவத்தை மன்னிப்பதோடு நின்றுவிடுகிறது, இனிப் பாவம் செய்யாமலிருக்க உதவுவதில்லை என்பவனுக்குச் சாபம் என்றது இன்னொன்று. அருள் இல்லாமலும் கட்டளைகளை நிறைவேற்றலாம், அருள் இருந்தால் கொஞ்சம் சுலபம், அவ்வளவுதான் என்பவனுக்கும் சாபம். கடைசி விதிகள், எங்கள் பாவங்களை மன்னியும் என்று புனிதர்கள் ஜெபிப்பது ஊருக்காகவோ பணிவுக்காகவோ இல்லை, தங்களுக்காக, உண்மையாகவே என்றன.

ஒரே இரவில் ராவென்னாவின் செய்தி ஆப்பிரிக்காவை எட்டியிருக்க முடியாது. ஆனாலும் இரண்டு நகரங்களும் ஒரே திசையில் அடியெடுத்து வைத்ததைத் தற்செயல் என்று ஏற்க வரலாற்றாசிரியர்கள் பலர் தயாராக இல்லை. டொனாட்டிஸ்டுகள் என்ற பிரிவினைக் கிறிஸ்தவர்களோடு நடந்த நீண்ட சண்டையில் அரசவைக்குப் போகும் வழியை ஆப்பிரிக்க ஆயர்கள் நன்றாகக் கற்றிருந்தார்கள். அகுஸ்தினாரின் உயிர் நண்பர் அலிப்பியுஸ், ஆப்பிரிக்காவில் கொழுக்க வளர்த்த 80-க்கும் மேற்பட்ட குதிரைகளை ராணுவ அதிகாரிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார் என்று எதிர்த்தரப்பு பிற்பாடு குற்றஞ்சாட்டியது. அபாண்டம் என்று மறுத்தார் அகுஸ்தினார். அந்தக் குற்றச்சாட்டு இன்றைக்கு நமக்குக் கிடைப்பதே அவருடைய மறுப்பு நூலில்தான். மனித முயற்சி எதுவும் செல்லாது, எல்லாம் அருள் என்று போதித்த தரப்பு, மனித முயற்சியில் ஒரு குறையும் வைக்கவில்லை.

ரோமில் சோசிமுஸ், செலஸ்தியஸை மறுவிசாரணைக்கு அழைத்தார். தெளிவான பதில் சொல்லவேண்டிய நேரம் வந்தபோது செலஸ்தியஸ் ஊரில் இல்லை. அந்தக் கோடையில் போப் நீண்ட சுற்றுமடல் ஒன்றை வெளியிட்டார். பெலாஜியஸுக்கும் செலஸ்தியஸுக்கும் கண்டனம். ஆயர்கள் ஒப்பமிட்டு அனுப்பவேண்டும். ஓராண்டுக்குள் முழுவட்டம் அடித்துவிட்டார்.

பாலஸ்தீனத்தில் பெலாஜியஸ் கடைசியாக ஒரு முயற்சி செய்தார். புனிதத்தலங்களுக்குப் போயிருந்த அகுஸ்தினாரின் நண்பர்கள் பினியானும் அவர் மனைவி மெலானியாவும் அவரைச் சந்தித்தார்கள். அவர்கள் கேட்க, ஒவ்வொரு மணியிலும், ஒவ்வொரு கணத்திலும், ஒவ்வொரு செயலிலும் அருள் தேவை, இதை மறுப்பவன் சபிக்கப்பட்டவன் என்றார். ஆப்பிரிக்கர்கள் கேட்ட அதே வாசகம்! மகிழ்ந்துபோன தம்பதி உடனே அகுஸ்தினாருக்கு எழுதினார்கள்.

அகுஸ்தினார் அசையவில்லை. எந்த அருளைச் சொல்கிறார் என்று கேட்டார். கிறிஸ்துவின் முன்மாதிரியை ஒவ்வொரு கணமும் நினைத்துக்கொள்வதும் பெலாஜியஸ் கணக்கில் அருள்தானே? உள்ளத்துக்குள் அன்பை ஊற்றி, விருப்பத்தையே மாற்றுகிற அருள் அதில் எங்கே இருக்கிறது? இந்தக் கேள்வியை விரித்து இரண்டு புத்தகமே எழுதி அனுப்பினார்.

*

இத்தாலியில் சுற்றுமடலுக்குக் கையொப்பங்கள் குவிந்தன. பெலாஜியஸுக்கு வேண்டியவர் என்று பேர் வாங்கியிருந்த ரோமக் குரு சிக்ஸ்துஸ்கூட மாறிவிட்டார். பின்னாளில் அவரும் போப் ஆனார்.

தெற்கே எக்லானம் என்ற சிறிய ஊரிலிருந்து கையொப்பம் வரவில்லை. அங்கே ஆயர் ஜூலியன், முப்பது வயதைத் தாண்டியவர், கிரேக்கமும் தர்க்கமும் கரைத்துக் குடித்தவர். அவரோடு சேர்ந்து ஏறத்தாழ 18 இத்தாலிய ஆயர்கள் மறுத்தார்கள்.

இந்தப் பெயர் அகுஸ்தினாருக்குப் புதிதில்லை. ஜூலியனின் தந்தை மெமோரியுஸும் ஓர் ஆயர், அகுஸ்தினாரின் நண்பர். சுமார் பத்து ஆண்டு முன்பு தன் இசை நூலின் ஆறாம் பகுதியை அவருக்கு அனுப்பியபோது, உங்கள் மகன் ஜூலியனை இங்கே அனுப்பிவைத்தால் எவ்வளவு சந்தோஷப்படுவேன் என்ற பொருளில் அகுஸ்தினார் எழுதியிருந்தார். மகன் போகவில்லை. இப்போது அவன் கேள்வி வந்தது.

நீதியுள்ள கடவுள் படைத்த குழந்தை, தாய்வயிற்றிலிருந்து இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது. எதையும் விரும்பவில்லை, எதையும் செய்யவில்லை. யாரோ ஒருவன் செய்த பாவத்துக்கு அந்தக் குழந்தையைக் குற்றவாளி ஆக்குகிறவர் எப்படி நீதியுள்ள கடவுள் ஆவார்? இது கிறிஸ்தவமா, இளமையில் அகுஸ்தினார் ஒன்பது ஆண்டு பின்பற்றிய, உடலையே தீயதாகக் கண்ட மானிகேயமா?

ஜூலியன் போப்புக்கு இரண்டு கடிதம் எழுதினார். பொதுவான சங்கத்தில் வைத்து வழக்கை விசாரியுங்கள் என்று அவர் தரப்பு கேட்டது. பதவி பறிபோயிற்று. 418 டிசம்பர் 26 அன்று சோசிமுஸும் இறந்தார். கேள்வி மட்டும் ஹிப்போவுக்கு வந்துசேர்ந்தது. நண்பன் மகனுக்கு, அந்தப் பச்சைக் குழந்தையை முன்னால் வைத்துக்கொண்டு, அகுஸ்தினார் என்ன பதில் சொன்னார்?

(தொடரும்)